மாமன் சீரில் ஓர் இரட்டை வண்டி

தம்பி,

என் முழங்கால்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. கல்லூரியில் லிஃப்ட் இருந்தும் தினமும் மாடி ஏறிப் போய்த்தான் வகுப்பெடுக்கிறேன். கடிதத்தை நலத்தில் தொடங்குவது வழக்கம் என்பதால், என் நலத்தில் உனக்குச் சம்பந்தமுள்ள பகுதியை மட்டும் முதலில் எழுதிவிட்டேன். போன மாதம் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து அடுத்த பந்திக்குக் காத்திருந்தபோது, உன்னைப் போலவே போர் போடும் ரிக் தொழிலில் இருக்கிற உன் நண்பன் செந்திலின் அம்மா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சேலைக்கு மேலாகவே என் முழங்காலை ஒரு தடவு தடவினார்.

"காலுக்கு இப்ப எப்பிடீங்க இருக்குது?"

"எந்தக் காலுக்குங்க?"

"அட, எங்கிட்ட என்னங்க மறைப்பு? சேலத்துல பயிற்சி குடுக்கற எடத்துக்கு மூட்டு வலிக்கு உங்களக் கூட்டிட்டுப் போறதா உங்க பையன் எங்க பையங்கிட்டச் சொன்னானாமா. இந்தக் காலத்துல எவனுங்க அம்மாளக் கூட்டிட்டுப் போயி வாசல்ல காத்துக் கெடக்கறான்? குடுத்து வெச்சவங்க நீங்க."

"இப்பத் தேவலைங்க" என்றேன். பந்திக்கு எழுந்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்காகக் கொஞ்சம் நொண்டினேன்.

அந்த இடத்துக்கு நீ அழைத்துப் போனது என்னையல்ல, உன் மகளை. யாழினிக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. அவள் நடப்பதில்லை, பிடித்துக்கொண்டுகூட நிற்பதில்லை. மூளை காலுக்கு அனுப்புகிற செய்தி சரியாகப் போய்ச் சேரவில்லை, தசை இறுகுகிறது, இந்த வயதில் விடாமல் பயிற்சி கொடுத்தால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கிடைக்கும், தள்ளிப்போட்டால் அதுவும் கிடைக்காது என்று டாக்டர் சொன்னபோது நானும் அந்த அறையில் இருந்தேன். புத்திக்கு ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். அதை அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை, அவர் மேஜைமேல் இருந்த பொம்மை எலும்புக்கூட்டைப் பார்த்து "இவருக்குச் சோறு போடலியா?" என்று அவள் அதற்குள் கேட்டிருந்தாள். நீ சில வாரம் அழைத்துப் போனாய். பிறகு நிறுத்திவிட்டாய். "டாக்டரே இப்போதைக்கு வேண்டாம்னுட்டாரும்மா" என்றாய். மண்டபத்தில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் எனக்குக் கணக்கு நேரானது. பயிற்சி கொடுக்கிற இடத்தில் செந்தில் எதிரில் வந்திருக்கிறான். உன் தோளில் குழந்தை இல்லாத நிமிடமாக இருந்திருக்கும். நீ என் முழங்காலைக் காட்டித் தப்பித்தாய். அதன் பிறகு போகவில்லை.

அடுத்த வாரமே நீ போனில் கூப்பிட்டாய். குழந்தைகள் இருவருக்கும் சேர்த்தே காதுகுத்து வைத்திருக்கிறோம் அல்லவா, மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும், சீர் கொண்டுவரும் மச்சான் என்ன வேண்டும் என்று கேட்கிறார், இரண்டு பிள்ளைகளும் உட்கார்கிற மாதிரி ஒரு ஸ்ட்ரோலர் கேட்கலாம் என்றிருக்கிறேன், பக்கத்தில் பக்கத்தில் இருக்கை உள்ளது நல்லதா, முன்னும் பின்னுமாக இருப்பது நல்லதா என்று கேட்டாய். உன் பிள்ளைகளைப் பற்றி நீ என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. நம் ஊர்த் தெருவில் ஒரு சைக்கிள் நேராகப் போவதே கஷ்டம், இதில் இரட்டை வண்டியை எங்கே தள்ளப் போகிறாய் என்றேன். "மண்டபத்துலம்மா" என்றாய். அப்போது புரியவில்லை. போனை வைத்த பிறகு புரிந்தது. மூன்று வயதுப் பிள்ளை மேடைக்கு நடந்து வர வேண்டும். நம் இரண்டு பக்கத்துச் சொந்தமும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். ஏழு மாதத் தம்பியோடு அவளையும் வண்டியில் உட்கார வைத்து, இரண்டு பேருக்கும் மாலை போட்டு, மேளத்தோடு தள்ளிக்கொண்டு வந்துவிட்டால், ஏன் இவள் நடக்கவில்லை என்று யாருக்கும் கேட்கத் தோன்றாது. வண்டி அழகாக இருந்தால் போட்டோவும் நன்றாக வரும். நீ நன்றாக யோசிக்கிறவன். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

சேலத்தில் அந்தக் கடைக்கு என்னையும் அழைத்துப் போனாய். சின்னவன் உன் கையில். யாழினி தன் அம்மா சௌமியாவின் இடுப்பில். அவள் கால்கள் சௌமியாவின் முழங்கால்வரை தொங்கின. கடைக்காரன் கலகலப்பான ஆள்.

"வாங்க சார், வாங்கம்மா. அண்ணி, பாப்பாவக் கீழ விடுங்க, அது பாட்டுக்கு ஓடியாந்து புடிச்ச கலர எடுத்துக்கட்டும். வா சாமி, வா!"

சௌமியா குழந்தையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டாள். அவன் கேட்டான்: "பெரிய பாப்பாவுக்கு என்ன வயசுங்க சார்? சீட்டு அதுக்குத் தக்கன சொல்லோணும்."

"ஒண்ணேகாலுங்க" என்றாய்.

"அடேயப்பா, நல்ல வளத்திங்க. குட்டித் தம்பிக்கு?"

"ஏழு மாசம்."

அவன் வாய் எதையோ முணுமுணுத்து நின்றது. கடையில் நிற்கிற ஆளுக்குக் கழித்தல் கணக்குப் போட நேரமாகாது. ஒண்ணேகால் வயதில் ஏழு மாதம் போனால் எட்டு மாதம். ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவில் எட்டு மாதம். இருவரையும் முழுசாகச் சுமந்து பெற்றவள் உன் பக்கத்தில் தலைகுனிந்து நின்றாள். அவன் அவள் இடுப்பிலிருந்து தொங்கிய கால்களைப் பார்த்தான். அதன்பிறகு அவன் குரலே மாறிப்போனது. சிரிப்பை விட்டுவிட்டு, உன் தோளுக்குப் பக்கத்தில் வந்து, மெதுவாகச் சொன்னான். "அப்பிடின்னா முன்ன பின்ன இருக்கறதே எடுத்துக்குங்க சார். பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சா ரெண்டும் ஒண்ணாத் தெரியும், பாக்கறவங்க ஒப்பிட்டுப் பாப்பாங்க. இதுல பின்னாடி சீட்டுக்குப் பெரிய மூடி. இழுத்து விட்டா உள்ள இருக்கற கொழந்த அவ்வளவாத் தெரியாதுங்க."

உன் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை நான் பார்த்தேன். அதை எந்த மகனின் முகத்தில் எந்தத் தாயும் பார்க்காமல் இருப்பது நல்லது. யாழினியைப் பின்னிருக்கையில் உட்கார வைத்தான். மூடியை இழுத்தான். முன்னால் சின்னவன் கையை ஆட்டிக்கொண்டு கடை முழுவதையும் பார்த்தான். உள்ளே இருந்து அவள் குரல் வந்தது.

"யாரு கதவச் சாத்துனது?"

நீ "சூப்பருங்க, இதவே சொல்லிடறேன்" என்றாய்.

உனக்கு ஞாபகம் இருக்கும், சின்ன வயதில் உனக்குத் திக்கியது. "ப"வில் தொடங்குகிற சொல் வெளியே வராது. ராசிபுரத்திலிருந்து சேலத்துக்கு உன்னைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போவேன். பஸ்ஸில் டிக்கெட் நீதான் கேட்க வேண்டும் என்பது நான் வைத்த சட்டம். போக வேண்டியது பழைய பஸ் ஸ்டாண்ட். அந்த ஊரில் உனக்கு இதைவிடக் கொடுமையான இடம் இருந்திருக்க முடியாது. நீ ப, ப, ப என்று நிற்பாய். கண்டக்டர் "வெரசாச் சொல்லு கண்ணு, நீ சொல்றதுக்குள்ள வண்டி ஓமலூரே போயிருமாட்ட இருக்குது" என்பார். பஸ்ஸே சிரிக்கும். ஒரு தடவை பின்சீட்டு அம்மாள் ஒருவர் பொறுக்க மாட்டாமல், "ஏனம்மா, பெத்த தாயிதானே? நீங்க ஒரு வார்த்தை சொல்லிப்போட்டா வாயி கோணிக்குமா?" என்று கேட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை மட்டும் கொடுத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் சௌமியாவிடம் என்னைப் பற்றி நீ சொன்ன முதல் கதை அதுதான் என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டுப் போ. அதற்கு நான் வருத்தப்படவில்லை. திக்கல் அந்தப் பஸ்ஸால் போனதா, பயிற்சியால் போனதா, வயதானால் தானாகப் போகிறதுதானா என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன். ஆனால் உன் திக்கலை நான் யாரிடமிருந்தும் ஒளிக்கவில்லை. உன்னிடமிருந்தும் ஒளிக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் உன்னை உள்ளே போகச் சொன்னதில்லை. அப்படிப் பழக்கப்பட்ட வாய்தான் அந்தக் கடையில் "ஒண்ணேகாலுங்க" என்றது. ஒரு எழுத்தும் தடுக்கவில்லை. உனக்குத் திக்கல் முழுவதுமாகப் போய்விட்டது என்று நான் நிச்சயமாக அறிந்துகொண்டது அந்த இடத்தில்தான்.

நானும் அங்கே வாயைத் திறக்கவில்லை. உன்மேல் உள்ள பிரியத்தால் அல்ல. கடையில் சண்டை போட்டு எனக்குப் பழக்கமில்லை. காரில் கேட்டேன். பயிற்சி ஏன் நின்றது என்று கேட்டேன். நீ கண்ணாடியைப் பார்த்துப் பேசினாய்.

"அழுவுதும்மா. கால நீட்டச் சொன்னாலே கத்துது. சாமிப்புள்ளைம்மா அது. அதப்போயி எதுக்கு இம்சை பண்ணோணும்? நாம நல்லா வெச்சுப் பாத்துக்குவோம்."

சௌமியா பின்னால் இருந்து, "விசேஷம் முடியட்டுமுங்க அத்தை, பொறவு போலாம்னு சொல்றாருங்க" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. யாழினி அவள் மடியில் உட்கார்ந்து, உன் பின்மண்டையைப் பார்த்து, "அப்பா, சாமிப்புள்ளைன்னா கோயில்லயா இருக்கும்?" என்று கேட்டாள். நீ பாட்டு வைத்தாய்.

அந்தச் சொல்லைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் எந்தக் குழந்தையையும் சாமி என்றுதான் கூப்பிடுகிறோம். வா சாமி, உண்ணு சாமி, அந்தச் சொம்ப எடுத்தா சாமி. பெரியவர்களையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். அது வேலை வைக்கிற சொல். எழுந்து வா என்கிற சொல். கடைக்காரன் அவளை அப்படித்தான் கூப்பிட்டான், அவள் கால்களைப் பார்க்கும்வரை. "சாமிப்புள்ளை" என்பது வேறு. அதோடு "புள்ளை"யைச் சேர்த்த உடனே அது கையைக் கழுவுகிற சொல்லாகிவிடுகிறது. இனி அவளிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை, அவளும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, வைத்துக் கும்பிட்டால் போதும். பயிற்சியில் அழுகிற பிள்ளை உனக்கு இம்சை. வண்டிக்குள் மூடி வைத்த பிள்ளை உனக்குச் சாமி. மகளைத் தெய்வமாக்குகிற அப்பாவை ஊர் நல்லவன் என்று சொல்லும். நான் அவனைச் சோம்பேறி என்று சொல்வேன். அழுகைச் சத்தம் உன் காதுக்கு வலிக்கிறது, அதுதான் விஷயம். அவள் காலுக்கு வலிப்பது உனக்கு இரண்டாவது.

செவ்வாய்க்கிழமை நான் விடுப்பு எடுத்தேன். உன் வீட்டுக்கு வந்து, முழங்காலைக் காட்டச் சேலம் போகிறேன், பேச்சுத் துணைக்கு யாழினியை அழைத்துப் போகிறேன் என்று சொன்னேன். உன் பொய் அவ்வளவு நல்ல பொய், எனக்கும் உதவியது. சௌமியா என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் குழந்தைக்கு மாற்றுத்துணி எடுத்துப் பையில் வைத்துக் கொடுத்தாள். முழங்காலைக் காட்டப் போகிறவளுக்கு மாற்றுத்துணி எதற்கு? அவள் உன்னைவிடத் தைரியசாலி என்று எழுத மாட்டேன். அவளும் இவ்வளவு நாள் சும்மாதான் இருந்தாள். ஆனால் பையைக் கொடுத்தாள்.

அங்கே வாசலிலேயே செந்தில் நின்றுகொண்டிருந்தான். கையில் ஊன்றுகோல் வைத்த ஒரு பையன் அவன் பக்கத்தில். அவனுடைய பையன். செந்தில் என்னைப் பார்த்து, "ஏனுங்கம்மா, மூட்டு..." என்று ஆரம்பித்தான். என் இடுப்பில் இருந்த யாழினியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"அன்னைக்கு அவன் உங்களுக்குன்னு சொன்னானுங்க" என்றான்.

"நீ யாருக்குன்னு சொன்னே?"

அவன் பையனைப் பார்த்தான். "நானும் எங்கம்மாளுக்கு மூட்டு வலின்னுதானுங்க சொன்னேன்." பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எங்கம்மா இன்னைக்கும் மலைக்கோயிலுக்கு நடந்தே ஏறுதுங்க."

இரண்டு அம்மாக்களின் நல்ல முழங்கால்களை வைத்து நீங்கள் இருவரும் ஒருவர் முன் ஒருவர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். அவன் சொன்னது உண்மையா என்று கேட்க உனக்குத் தோன்றவேயில்லை, ஏனென்றால் கேட்டால் அவனும் கேட்பான். உன் கண்ணில் மறுபடி படக்கூடாது என்று அவன் வருகிற நேரத்தை மாற்றிக்கொண்டானாம். நீ வருவதையே நிறுத்தினாய். இரண்டு கோழைகளுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். அந்த வித்தியாசத்தில் அவன் பையன் கோலை ஊன்றி வாசற்படி ஏறினான். பயிற்சியால் மட்டும்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பையனுக்கு வந்தது இவ்வளவு கடுமையில்லை என்று உள்ளே சொன்னார்கள். இதை எழுதட்டுமா என்று செந்திலிடம் கேட்டேன். "எழுதுங்கம்மா, அவன் வந்தா எனக்கும் பேச்சுத் துணையாச்சு" என்றான்.

யாழினி அழுதாள். நீ சொன்னது உண்மைதான், கத்தினாள். பயிற்சி கொடுத்த பெண்ணின் கையைக் கடித்தாள். "அப்பாகிட்டச் சொல்லுவேன்" என்று என்னை மிரட்டினாள், சொல் என்றேன். அந்தப் பெண் கடிபட்ட கையை உதறிவிட்டு, அவளை ஒரு மரச்சட்டத்தில் நிமிர்த்தி, நெஞ்சிலும் முழங்காலிலும் பட்டை போட்டு நிற்க வைத்தாள். எதிரே சுவர் அகலத்துக்குக் கண்ணாடி. யாழினி அழுகையை நிறுத்திவிட்டுக் கண்ணாடியையே பார்த்தாள். அவள் தன்னை நின்றபடி பார்த்ததில்லை.

"நான் இவ்ளோ பெருசா?" என்று கேட்டாள்.

பெரிசுதான். மூன்று வயதுப் பெண் எவ்வளவு உயரம் இருக்க வேண்டுமோ அவ்வளவு. ஒண்ணேகால் வயது உயரம் இல்லை.

அவள் நடப்பாள் என்று அங்கே யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் உனக்குச் சொல்ல மாட்டேன். பட்டையும் கோலும் வைத்து வீட்டுக்குள் நடக்கலாம். நடக்காமலேயும் போகலாம். விட்ட மாதங்கள் என்ன செய்திருக்கும் என்று கேட்டேன். அந்தப் பெண் "இனிமேல் விடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். அது பதில் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளுக்குச் சக்கர வண்டிதான் என்று முடிவானால் அதையும் வாங்கலாம். அதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஆனால் அது அவளுடைய வண்டியாக இருக்கும். அவள் வயதுக்கு, அவள் அளவுக்கு, மூடி இல்லாமல்.

இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். பக்கத்தில் பக்கத்திலா, முன்னும் பின்னுமா என்று கேட்டாய். ஒற்றை வண்டி வாங்கு, சின்னவனுக்கு. அவன் தவழ ஆரம்பித்துவிட்டான். அடுத்த வருஷம் இந்நேரம் வண்டியில் உட்காரச் சொன்னால் இறங்கி ஓடுவான். நீ பார்த்து வைத்த இரட்டை வண்டியில் அன்றைக்கு ஓர் இருக்கை காலியாகும். எது காலியாகும், எது ஆகாது என்று அப்போது பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு என்ன வாங்குவாய்?

குமாரபாளையத்துக்கு, உன் மச்சானுக்கு, நேற்றுப் போன் செய்தேன். வண்டி வேண்டாம் என்றேன். ஏன் என்றும் சொன்னேன். தறிச் சத்தத்துக்கு நடுவில் பேசியவர் வெளியே வந்து பேசினார்.

"எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க அத்தை? இங்க சொந்தம் பூராத் தெரியுமுங்க. மச்சான் மூஞ்சி சுருங்கிப் போயிருமேன்னுதான் நாங்க ஒருத்தரும் கேக்கறதில்லை. வண்டி கேட்டாரு, செரி, வாங்கிக் குடுத்தர்லாம்னு இருந்தனுங்க."

கேட்டுக்கொள். எல்லோருக்கும் தெரியும். உனக்காக நடித்துக்கொண்டிருக்கிறார்கள். நீ அந்த மூடியை இழுத்து விட்டிருந்தால் ஊர் அவளைப் பார்க்காமல் போயிருக்காது. அவள்தான் ஊரைப் பார்த்திருக்க மாட்டாள்.

"அப்ப சீருக்கு நான் என்னங்க கொண்டாரட்டும்?" என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை அவள் கால்களுக்கு அளவெடுத்திருக்கிறார்கள். தாங்கிப் பிடிக்கிற பட்டையும் அதற்கேற்ற ஷூவும் காதுகுத்துக்குள் தயாராகிவிடும் என்றேன். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அத்தை, அதக் கவர்ல போட்டுத் தனியாக் குடுத்தரட்டுங்களா, இல்ல தட்டுல வெச்சே கொண்டாரட்டுங்களா?"

"தட்டில்" என்றேன். "பழத்தட்டுக்கு அடுத்த தட்டு."

அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை எல்லோரும் பார்ப்பார்கள். நீ எங்கே பார்ப்பாய் என்று தெரியவில்லை. இதற்காக நீ என்னிடம் எத்தனை வருஷம் பேசாமலிருந்தாலும் இருந்துகொள்; பஸ்ஸோடு இதையும் சேர்த்துச் சொல். ஆனால் மேளம் தொடங்கி "கொழந்தையக் கொண்டாங்க" என்று கூப்பிடும்போது, வாசலிலிருந்து மேடைவரை அவளை நீ தூக்கிக்கொண்டு வா, முகத்தை வெளியே காட்டி. கூச்சமாக இருந்தால் ஓரமாக நின்றுகொள், நான் தூக்கிக்கொண்டு வருகிறேன். என் முழங்கால்களுக்கு ஒன்றுமில்லை.

அம்மா